புள்ளி வைத்த கையெழுத்து

அன்புள்ள அத்தைக்கு,

உறவு சொல்ல வேண்டுமென்றால் நீங்கள் என் அப்பாவின் சின்னத் தாத்தா பேத்தி. எனக்கு அத்தை முறை. கல்யாணம், காரியம் என்று நாம் பார்த்துக்கொண்ட தடவைகளை எண்ண ஒரு கை விரல் போதும். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதியே வந்தது. "அந்தம்மா உங்க பேருக்கு உயில் எழுதி வச்சிருக்கு" என்று போனில் சொன்னவரிடம், ஆள் மாறிப் பேசுகிறீர்கள் என்றேன்.

42 சென்ட் மானாவாரி நிலம். கல் உடைத்தும் ஆடு வளர்த்தும் நீங்களே வாங்கியது.

உயில், கோடு போட்ட நோட்டுத் தாளில் இருந்தது. முத்திரைத்தாள் இல்லை, பதிவு இல்லை. செல்லுமா என்று இழுத்தேன். வக்கீல் சிரித்தார். உயிலுக்கு வெள்ளைத் தாளே போதும், பதிவு கட்டாயமில்லை, எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இருக்கிறதே என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளையில்லாத விதவை உயில் எழுதாமல் கண்ணை மூடினால், அவள் பாடுபட்டுச் சேர்த்ததும் முதலில் புருஷன் வீட்டு வாரிசுகளுக்குத்தான் போகும். துரத்திவிட்ட வீடானாலும் சரி. அப்படியொரு வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மாமா போன மூன்றாம் மாதமே உங்களைத் தகரப் பெட்டியோடு தெருவில் நிறுத்தியவர்களுக்கு அல்லவா அந்த நிலம் போயிருக்கும்!

சரி, எனக்கு ஏன்? கீழே கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்தது.

புதுக்கோட்டை மாவட்டமே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் திமிறிக்கொண்டிருந்த காலம். பெண்கள் சைக்கிள் பழகிக் கீழே விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். 1992 கோடை விடுமுறையில் உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தேன், ஏழாவது முடித்திருந்தேன். பகலெல்லாம் குவாரியில் சம்மட்டி பிடித்த கைக்கு ராத்திரி பலப்பம் பிடிபடவில்லை. நாலு பலப்பம் உடைந்தது. உங்கள் பெயரில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துகொண்டே இருந்தீர்கள். "புள்ளி வைக்காட்டி உங்க பேரு முடியாது அத்தை" என்றேன். அன்று எனக்கு வாத்தியாரம்மா என்கிற திமிர் வேறு. நீங்கள் கோபப்படாமல் எச்சில் தொட்டு சிலேட்டை அழித்து, மறுபடி எழுதினீர்கள். இது எனக்கு மறந்தே போயிருந்தது.

உயிலில் எழுத்துகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கடைசிப் புள்ளியைப் பேனா அழுத்திய அழுத்தில் தாளில் ஓட்டையே விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது.

அத்தை, அந்தப் பத்து நாளுக்கு இது ரொம்பப் பெரிய கூலி. அதற்குப் பிறகு ஒரு கடிதாசிகூட உங்களுக்கு நான் எழுதியதில்லை, எழுத்துக்கூட்டியாவது படித்திருப்பீர்கள். இந்த மடல் முப்பது வருஷம் தாமதம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தையல்காரருக்கும் பால்காரருக்கும் என் நன்றி. யார் யாரோ வந்து கேட்டும் இருவரும் சொல் மாறவில்லை. போன மாதம் பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. நிலத்தை விற்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், கடலை விதைத்திருக்கிறது.

உங்கள்
வாத்தியாரம்மா