தாத்தாவிடம் கேட்டீர்களா?

திங்கள், ராஜபாளையம்

சத்திரப்பட்டியில் காலையிலேயே தறிச் சத்தம். வாலிபத்திலிருந்து பேண்டேஜ் துணி நெய்த தாத்தாவுக்கு இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. போன மழைக்காலத்தில் மதுரையில் வென்டிலேட்டரில் கிடந்து மீண்டவர். பிரஷர் பார்க்கும்போது கேட்டார்: "சிஸ்டர், திரும்ப அப்படி ஆனா குழாய் மாட்ட வேண்டாம்னு முன்னாடியே எழுதி வைக்கலாமாமே, நெசமா?" மகன் பதறிப்போய், "சும்மா இருங்கப்பா" என்றார். எழுதலாம் தாத்தா, விவரம் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

புதன், ஸ்ரீவில்லிபுத்தூர்

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தேன். ஒரு டாக்டர், "எழுதினவர் போயிடுவார். வெளியூர்லருந்து வர்ற மகன் கேஸ் போட்டா யாரும்மா கோர்ட்டுக்கு அலையறது?" என்றார். மூத்த சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்: "நம்ம மாவட்டத்துல இதைப் பேசாதே. தலைக்கு ஊத்துறதுக்குக் கவர்மெண்டே சீல் குத்திக் குடுக்குதும்பாங்க."

சிஸ்டர் சொன்னதுதான் இரவெல்லாம் மனதில் ஓடியது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரை ஊற்றி, இளநீரும் கொடுத்து, காய்ச்சல் வரக் காத்திருக்கும் தலைக்கூத்தல் இங்கே நடந்தது. 2010-ல் இதே விருதுநகர் மாவட்டத்தில், வீட்டார் பேசியது காதில் விழுந்து ஒரு முதியவர் உறவினர் வீட்டுக்குத் தப்பிப் போன பிறகுதான் வெளியுலகம் அதைப் பேசியது. அதில் எனக்குப் பொறுக்காதது, சாகப்போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் கூடி முடிவெடுப்பதுதான். ஐசியூ வாசலிலும் அப்படித்தானே நடக்கிறது? மகன், மருமகன், பணம் கட்டுகிறவர் எல்லோரையும் கேட்கிறோம். தாத்தா கேட்கும் இந்தத் தாள் ஒன்றுதான் அவர் சொல்லை உள்ளே கொண்டுவரும்.

வியாழன்

டாக்டரின் பயத்துக்கும் காரணம் உண்டு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றபோது, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றது. சாமானியர் யார் அங்கே போவார்? 2023 ஜனவரி 24-ல் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். மனம் மாறினால் திரும்பப் பெறலாம். எழுதியவரால் பேச முடியாமல், தேறவும் வழியில்லாத நிலையில்தான் அந்தத் தாள் செல்லும். அப்போதும் மூன்று மருத்துவர் குழு பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு மருத்துவர் சேர்ந்த இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். நிறையப் பேர் 2018-லேயே நின்றுவிட்டார்கள்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ்களை நினைத்துக்கொள்கிறேன். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்த சக நர்ஸ் அருணா ஷான்பாகை, 2015-ல் அவர் இறக்கும்வரை குழந்தையைப் போலப் பார்த்தார்கள். அவரை இறக்க விடச் சொன்ன மனுவை எதிர்த்தார்கள். 2011-ல் நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கைகளை வணங்குகிறேன். அருணா தன் விருப்பத்தை எழுதி வைத்திருக்கவில்லை. எங்கள் தாத்தா பேசுகிறார், தெளிவாகவே பேசுகிறார்.

சனி, ராஜபாளையம்

விவரம் சொன்னேன். தாத்தா பேத்தியை எழுதச் சொன்னார்: மூச்சுத் திணறினால் மருந்து வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், குழாய் வேண்டாம், தன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறை வேண்டும். தனக்காகப் பேச மகள் பெயரைச் சொன்னார். மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என் பேரையும் சேருங்கப்பா" என்றார். சேர்க்கலாம், ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம்.

பிரதியை உள்ளாட்சி அலுவலகத்தில் யார் வாங்கி வைப்பார் என்று திங்களன்று போய்க் கேட்க வேண்டும். டாக்டரையும் தாத்தா வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.