‘லுக் ஆஃப்டர்’ என்றால் என்ன?

‘லுக்’ என்றால் பார். ‘ஆஃப்டர்’ என்றால் பிறகு. இரண்டையும் சேர்த்தால் ‘பிறகு பார்’ என்றுதானே வரவேண்டும்? கும்பகோணத்தில் இருந்து, லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன 61 வயது அம்மா ஒருவர் அப்படித்தான் நினைத்தார்.

பூங்காவில் பழக்கமான வெள்ளைக்காரப் பாட்டி, குழந்தையைக் காட்டி, ‘டூ யூ லுக் ஆஃப்டர் ஹிம்?’ என்று கேட்டார். இவர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். ‘நோ ஆஃப்டர்! நவ் ஒன்லி லுக்கிங்!’

இதைக் கேட்டு மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அம்மா, லுக் ஆஃப்டர்னா பார்த்துக்கறது!”

அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. தமிழிலும் அப்படித்தானே? ‘பார்’ என்பது கண்ணால் செய்வது. ‘பார்த்துக்கொள்’ என்றால் சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, காய்ச்சலில் கண் விழிப்பது எல்லாமே வந்துவிடுகிறது. ஊருக்குக் கிளம்புகிறவரிடம் நாம் ‘உடம்பைப் பார்த்துக்கோ’ என்கிறோம். அவர்கள் ‘லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’ என்கிறார்கள்.

மகள் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். லுக் ஃபார்: தேடுவது. லுக் இன்டு: விசாரிப்பது. லுக் டவுன் ஆன்: இளக்காரமாக நினைப்பது. லுக் ஃபார்வர்ட் டு: ஆவலோடு எதிர்பார்ப்பது. வால் மாறினால் பொருளே மாறிவிடும். அதனால் சொல்லைப் பிரித்துப் பொருள் தேடாமல், வாக்கியத்தோடு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஐ லுக் ஆஃப்டர் ஹிம்’ சரி; ‘ஐ லுக் ஹிம் ஆஃப்டர்’ தப்பு.

அடுத்த முறை பூங்காவில், ‘ஐ லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று அம்மா பெருமையாகச் சொன்னார். அந்தப் பாட்டி மகிழ்ந்துபோய், கும்பகோணத்தில் இருக்கும் கணவரைப் பற்றி விசாரித்தார்.

‘ஹூ லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்?’

இந்தத் தடவை கேள்வி நன்றாகவே புரிந்தது. பதில்தான் வரவில்லை. சர்க்கரை நோய் உள்ள 68 வயது மனிதர், 5 மாதமாகத் தனியாக இருக்கிறார்.

மறுநாள் காலை போன் போட்டார். “என்னங்க, கால்ல புண்ணுன்னு சொன்னீங்களே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அப்புறம் பார்த்துக்கலாம் விடு. நீ குழந்தையைக் கவனி.”

போனை வைத்ததும் அம்மா மகளைக் கூப்பிட்டார்.

“இந்த வாரத்துல டிக்கெட் கிடைக்குமான்னு பாரும்மா.”