வட்டை அச்சு முதல் ரவுட்டர் அச்சு வரை: கொட்டகைக்கு மரம் இணைக்கும் வேலை

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வழியாகப் போய்வரும் விவசாயிகளுக்கு மெஷின் புதிதல்ல. திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கத்து ஊர்களில் நிலை, கதவு செய்யும் தச்சர்கள் கையிலும் இப்போது ரவுட்டர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வரப்பில் நின்ற வேம்பையோ தேக்கையோ அறுத்து வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'மாட்டுக் கொட்டகைக்கு நாமே அச்சு செய்து, இந்த மெஷினால் துளை போட்டுக்கொள்ளலாமா?'

போடலாம். ஆனால் அச்சு சரியாக இருக்க வேண்டும். ஓட்டுக் கூரையின் பாரம் முழுவதும் இணைப்புகளில்தான் இறங்குகிறது. ஆடிக் காற்று ஆட்டிப் பார்ப்பதும் அதே இடத்தைத்தான். அடியில் நிற்பது கறவை மாடு.

அச்சு வைத்து மரம் வெட்டுவது நமக்குப் புதிய வித்தை இல்லை. வண்டிச் சக்கரம் செய்தவர்கள் பட்டறையில் வளைந்த மெல்லிய பலகை ஒன்று தொங்கும். அதுதான் வட்டை அச்சு. கருவேலம் பலகை மேல் அதை வைத்துக் கோடு கீறி, வாய்ச்சியால் செதுக்கி எடுத்தால் ஆறு வட்டையும் ஒரே வளைவில் வரும். ஒரு வட்டைக்கு இரண்டு என்று பன்னிரண்டு ஆரக்கால் ஏறும். ஒரு வட்டை கொஞ்சம் பிசகினாலும் இரும்புப் பட்டா சீராக உட்காராது. டயர் வண்டி வந்தபின் அந்த அச்சுகளில் பல அடுப்புக்குப் போய்விட்டன. அளவை ஒரு தடவை பலகையில் ஏற்றிவிட்டால், பிறகு கை அதையே பின்பற்றும் என்பதுதான் அந்த அச்சின் கணக்கு. ரவுட்டருக்கும் அதே கணக்குத்தான்.

எட்டுத் தூண் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உத்தரத்தில் தூண் தலை ஏற எட்டுத் துளை. குறுக்குச் சட்டம் நான்குக்கு, தூண்களில் எட்டுத் துளை. தூணுக்கு ஒரு சாய்முட்டு, அதன் இரு முனைக்கும் சேர்த்துப் பதினாறு. ஆக 32 துளை. பத்துத் துளைக்குள் முடிகிற வேலை என்றால் அச்சும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். நல்ல உளியும் கொட்டாப்புளியும் உள்ள தச்சர் அச்சு செய்து முடிப்பதற்குள் வேலையையே முடித்துவிடுவார். முப்பதுக்கு மேல் போகும்போதுதான் அச்சுக்குச் செலவிட்ட அரை நாள் திரும்பக் கிடைக்கிறது.

தூண் நான்கு அங்குலம், அதாவது 100 மி.மீ. என்றால் நாக்கின் தடிமன் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, 30 மி.மீ. போதும். நாக்கைக் கூட்டினால் துளையின் இரு பக்கச் சுவரும் மெலிந்து, பாரம் ஏறும்போது பிளக்கும். துளை 30-க்கு 80 என்று வைத்துக்கொண்டால், அச்சில் அதே அளவுக்கு வாய் வெட்டக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். ரவுட்டரின் அடியில் மாட்டும் வழிகாட்டி வளையம் அச்சின் ஓரத்தில் உரசிப் போகும். பிட் அதற்கு உள்ளே சுற்றும். வளையத்தின் வெளிவிட்டம் 20, பிட் 12 என்றால் வித்தியாசம் 8 மி.மீ. அந்த எட்டை இரண்டு அளவிலும் கூட்டி, அச்சின் வாயை 38-க்கு 88 ஆக வைக்க வேண்டும். வளையம் வேறு, பிட் வேறு என்றால் கணக்கும் வேறு. முதலில் ஒரு கழிவுக் கட்டையில் வெட்டி, நாக்கைச் செருகிப் பார்க்காமல் நல்ல மரத்தில் கை வைக்கக் கூடாது.

அந்த வாயைப் பலகை நடுவில் ரம்பத்தால் அறுத்து எடுப்பது சிரமம்; நேராகவும் வராது. 12 மி.மீ. பிளைவுட்டில் நேராக அறுத்த நான்கு துண்டுகளை எடுத்து, நடுவில் 38 மி.மீ. கட்டை ஒன்றை வைத்து நெருக்கி, பசையும் திருகாணியும் போட்டபின் கட்டையை உருவிவிட்டால் நேர்த்தியான வாய் கிடைக்கும். வளையத்தின் கழுத்து பிளைவுட் தடிமனைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தில் இடித்து நிற்கும். அச்சின் அடியில் ஓரக்கட்டை ஒன்றை மூலைமட்டம் பார்த்து அடிக்க வேண்டும்.

அந்த ஓரக்கட்டைதான் அச்சுக்கு உயிர். அறுவை மில்லில் இருந்து வரும் நம்மூர் மரம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. ஒரு முனை 100 என்றால் மறு முனை 104 இருக்கும். நடுக்கோடு பார்த்து அளந்தால் தூணுக்குத் தூண் மாறும். ஒவ்வொரு மரத்திலும் நேரான ஒரு முகத்தைத் தேர்ந்து சாக்பீஸால் குறி போட்டு, ஓரக்கட்டையை எப்போதும் அந்த முகத்திலேயே அணைத்தால் தடிமன் வித்தியாசம் எதிர்ப் பக்கம் போய்விடும். கொட்டகை நேராக நிற்கும்.

வெட்டும்போது ஒரே மூச்சில் ஆழம் இறக்கக் கூடாது. தடவைக்கு 5 மி.மீ. இறக்கி, துளைக்குள் கடிகாரம் சுற்றும் திசையில் நகர்த்த வேண்டும். திசை மாறினால் மெஷின் கையைப் பிடுங்கும். பிட்டின் நீளத்தில் 12 மி.மீ.யை அச்சுப் பலகையே எடுத்துக்கொள்வதால், ஆழத் துளைக்கு எட்டாது. சுமார் 35 மி.மீ. வரை மெஷினால் எடுத்து, மீதியைத் துளைப்பானாலும் உளியாலும் முடிக்கலாம். மேலே கிடைத்த நேர்ச் சுவரே உளிக்கு வழி காட்டும். உருண்டு நிற்கும் மூலைகளையும் உளியால் சதுரமாக்கிக்கொள்ளலாம். நாக்குக்கு ரவுட்டர் தேடவே வேண்டாம், கைரம்பம் போதும். சாய்முட்டுத் துளைக்கு அடிப்பக்கம் சரிவாக இருக்கும் என்பதால் அதற்குத் தனி அச்சு வேண்டும்.

தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை இரண்டும் இந்த மெஷின் பக்கம் வரவே கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பில் இதை ஓட்டுவது விதிமீறல். களத்துமேட்டில் ஒயர் இழுக்கிற ஆசையை விட்டுவிடலாம்.

இணைப்பை ஆணி அடித்து இறுக்குவதைவிட மர ஆணி நல்லது. வைரம் பாய்ந்த கருவேலத்தில் 12 மி.மீ. ஆணி சீவி, நாக்கில் உள்ள ஓட்டையை மட்டும் அதன் அடித்தோள் பக்கமாக 2 மி.மீ. தள்ளிப் போட வேண்டும். ஆணி இறங்க இறங்க நாக்கு உள்ளே இழுபடும். சீமைக்கருவேல் வளைந்து வளர்வதால் உத்தரத்துக்கு ஆகாது. நன்றாகக் காய்ந்த துண்டு இந்த ஆணிக்கு ஆகும். பனங்கையில் மட்டும் ரவுட்டரை வைக்க வேண்டாம். வெளியே இரும்பு நார், உள்ளே சோறு. பிட் ஓரிடத்தில் தீயும், ஓரிடத்தில் பிய்க்கும்.

மரம் ஈரமாக இருந்தால் எந்த அச்சும் காப்பாற்றாது, நாக்கு சுருங்கிப் போகும். அறுத்த சட்டங்களை இடையில் குச்சி கொடுத்து, நிழலில் அடுக்கி ஆற விட வேண்டும். தேக்கு என்றால் வெட்டுவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. லாரியில் ஏற்றியபின் கேட்டால் அலைச்சல்தான். தூணை மண்ணில் புதைக்காமல் கல் மேல் நிறுத்தினால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் அச்சைத் தூக்கி எறிய வேண்டாம். எந்த வளையம், எந்த பிட், எத்தனை மி.மீ. துளை என்று பெயின்டால் அதன் மேலேயே எழுதி, ஈரம் படாத சுவரில் தொங்கவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகைக்கும் ஆகும்.