கனவினுள் விழிப்பு

உறங்குவோன் ஒருவன், தான் காண்பது கனவே என்பதனை அக்கனவு நிகழும்போதே அறிதல் கூடுமோ? கூடும் என்பது பலர் அனுபவம். ஆயினும், விழித்தபின் அவர் உரைப்பது வெறும் நினைவேயன்றிச் சான்றாகாது என ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் தடை நிகழ்த்தினர்.

அத்தடையை 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்து ஹல் பல்கலைக் கழகத்திலே கீத் ஹெர்ன் என்பார் நீக்கினார். கனவு மிகுதியும் நிகழும் உறக்கநிலையில் உடலின் பெரும்பாலான தசைகள் செயலற்றுக் கிடப்பினும், கண்மணிகள் இமைகளுள் அசைவன. ஆகலின், கனவென உணர்ந்தவுடன் கண்களை முன்னரே குறித்தவாறு இடமும் வலமுமாக அசைக்குமாறு ஆலன் வொர்ஸ்லி என்பாரிடம் கூறிவைத்தார். அவர் உறங்கியபடியே அங்ஙனம் அசைத்த குறியினைக் கருவி பதிவு செய்தது. ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பாரும் தனித்து இவ்வாறே கண்டு 1981-இல் வெளியிட்டார். 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிலோ, எட்டில் ஆறு போக எஞ்சுவது யாதென உறங்குவோனை வினவ, அவன் கண்ணசைவினால் இரண்டென விடை தந்தனன்.

சாக்கிரத்திற்குரிய 35 கருவிகளுள், ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒழிய, 25 கருவிகளே சொப்பனத்தில் தொழிற்படும் என நம் சித்தாந்தம் கணக்கிடும். மேனாட்டார் கண்டதும் இதுவே எனச் சாதிக்க யான் முற்படேன். அத்தகைய முயற்சிகள் இக்காலத்து மலிந்துள்ளன.

யான் இதனை நாடியது ஆராய்ச்சி வேட்கையாலன்று. என் தமையனார் ஆற்றுவெள்ளத்தில் மறைந்தபின், அவர் கை நீட்டி அழைக்க யான் கரையில் அசையாது நிற்கும் கனவு பல்லாண்டு என்னை அலைத்தது. துயிலப் புகுங்கால், 'அடுத்த கனவினைக் கனவென அறிவேன்' என உள்ளத்திற் பதித்துக்கொள்ளும் லபெர்ஜின் முறையினைச் சில திங்கள் பயின்றேன். ஓரிரவு, வெள்ளம் ஓசையின்றி ஓடுதல் கண்டு, இது கனவெனத் தெளிந்தேன். அச்சம் அகன்றது. நீரில் இறங்கி அவரை அணுகினேன். "தம்பி, நீர் குளிர்கின்றது, வீட்டுக்குப் போ" என்றார். விழித்தபின் அழுதேனாயினும், அது முன்போன்ற அழுகையன்று. இப்போது அக்கனவு அரிதாகவே வருகின்றது.

கொடுங்கனவால் வருந்துவோர் சிலர்க்கு இப்பயிற்சி பயன்பட்டதாக ஆராய்ச்சிகளும் கூறும், எல்லார்க்கும் அன்று. நனவையும் கனவையும் பிரித்தறியாது மயங்கும் நோயுடையார் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடுதல் ஆகாது. நள்ளிரவில் எழுந்து பயிலும் முறையும் ஒன்றுண்டு. மறுநாட் பகல் முழுதும் தலை கனத்தமையால், யான் அதனை விட்டொழித்தேன்.