ஏல வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள்?

காலை ஆறரை மணி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை. வீட்டுத் தரகர் ஒருவர் நாளிதழ்களைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறார். அரசியலும் சினிமாவும் அவர் கண்ணில் படுவதில்லை. வங்கிகள் வெளியிடும் ஏல அறிவிப்புகளைத்தான் தேடுகிறார். பொடி எழுத்தில் சர்வே எண், நான்கெல்லை, கடன் பாக்கி, குறைந்தபட்ச விலை, முன்வைப்புத் தொகை, ஏல நாள் என்று நெருக்கி அடித்திருக்கும். வேண்டியதைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார். பிறகு, பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளைத் திரட்டித் தரும் ‘பேங்க்நெட்’ தளத்தைத் திறந்து, அந்த வீடு அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார். ஏற்கெனவே ஏலத்துக்கு வந்து, எடுக்க ஆளில்லாமல் நின்ற வீடென்றால் இன்னும் உற்றுப் பார்க்கிறார். அடுத்த முறை வங்கி விலையைக் குறைத்திருக்கும்.

வங்கி கைப்பற்றிய வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். ஏலம் முடிந்து, பணம் கட்டி, சாவி கைக்கு வந்தால் வாங்கியவரிடம் ஒரு சதவீதம் கமிஷன். நடுவில் எது முறிந்தாலும் பெட்ரோல் செலவுகூடத் திரும்பாது.

இந்தத் தொழிலுக்கு அடித்தளம் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். பிறகு வங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் பணம் வராவிட்டால், கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தி விற்கலாம். ஆனால் கையகப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு. வாசலில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பது ஒன்று. தரகர்கள் இதை ‘சிம்பாலிக்’ என்கிறார்கள். ஆளை வெளியேற்றி, பூட்டுப் போட்டுச் சாவியை வாங்குவது இன்னொன்று, அது ‘பிசிக்கல்’. ஒரே தெருவில், ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளின் ஏல விலை இந்த ஒரு சொல்லால் லட்சக்கணக்கில் மாறிவிடும்.

அதனால் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் வாசலைப் பார்க்கப் போகிறார். சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்துக்கு அவருடன் போனேன். இரண்டு படுக்கையறை வீடு. குறைந்தபட்ச விலை 42 லட்சம். கதவில் வங்கி ஒட்டிய தாளின் மேற்பாதி கிழிந்து, பசை மட்டும் பழுப்பேறிக் கிடந்தது. கீழ்ப்பாதியில் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் தெரிந்தன. கதவோரம் பள்ளிக்கூட ஷூ இரண்டு ஜோடி. நிலையில் காயாத மாவிலைத் தோரணம். “ஆள் இருக்காங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகுதான் அழைப்புமணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். “யாரு தம்பி, பேங்க்கா?”

“இல்லம்மா. வீடு ஏலத்துக்கு வருதுன்னு போட்டிருந்தாங்க. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்.”

“நாங்க வீட்டுக்காரங்க இல்ல தம்பி. அஞ்சு லட்சம் கொடுத்து லீசுக்கு இருக்கோம். ஓனர் போனே எடுக்க மாட்டேங்கிறாரு.”

சென்னையில் லீசு என்றும் போக்கியம் என்றும் சொல்லப்படும் ஏற்பாடு இது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது பணம் முழுவதும் திரும்பி வர வேண்டும். அந்த அம்மா உள்ளே போய் 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தத்தை எடுத்து வந்து காட்டினார். பதிவு செய்யப்படாதது. அதிலிருந்த தேதியைப் பார்த்ததும் தரகரின் முகம் மாறிவிட்டது. வங்கி நோட்டீஸ் அனுப்பி நான்கு மாதம் கழித்து எழுதப்பட்டிருந்தது. அந்த நோட்டீஸ் போன பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதமில்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கடனாளிக்கு உரிமை இல்லை. சர்ஃபாசி சட்டத்தின் 13(13) பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தே உரிமையாளர் அந்த ஐந்து லட்சத்தை வாங்கியிருக்கிறார். குடியிருப்பவர் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் பதிவில்லாத, நோட்டீஸுக்குப் பிறகு எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு அங்கே வெல்வது கடினம்.

படியிறங்கும்போது தரகர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “இந்த வீட்டை எடுக்கிற பார்ட்டிகிட்ட ஆறு மாசத்துக்குச் சாவியை எதிர்பார்க்காதீங்கன்னு முதல்லயே சொல்லிடணும் சார்.”

அப்படிச் சொன்ன பிறகும் ஏலத்தில் மூன்று பேர் நின்றார்கள். முன்வைப்புத் தொகை 4,20,000 ரூபாய். ஏலம் முழுக்க இணையத்தில். கூவுவாரும் இல்லை, சுத்தியல் தட்டுவாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் 25,000 ரூபாய் கூட்ட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் இன்னொரு ஐந்து நிமிடம் தானாக நீளும். தரகரின் வாடிக்கையாளர் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். மனைவியுடன் பேசி, 48 லட்சத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கணினி முன் உட்கார்ந்திருந்தார். 47,75,000 வந்ததும் எதிர்த் தரப்பு நின்றுவிட்டது. திரை அசையாமல் இருந்த அந்த ஐந்து நிமிடமும் அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

மகிழ்ச்சிக்கு நேரமில்லை. விதிப்படி, அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ 25 சதவீதம் கட்டியாக வேண்டும். முன்வைப்புத் தொகை போக இன்னும் 7,73,750 ரூபாய். ஏலம் உறுதியான பிறகு மீதி 35,81,250 ரூபாயைப் பதினைந்து நாளில் செலுத்த வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம். சாதாரண வீட்டுக் கடன் இந்த வேகத்தில் கைக்கு வருவது அபூர்வம். உள்ளே ஆள் இருக்கும் வீடென்றால் கடன் கொடுக்கவும் வங்கிகள் தயங்கும். பணம் கட்டாவிட்டால் கட்டிய முன்பணம் போய்விடும். சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில், 12.27 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கெடுவுக்குள் கட்டவில்லை. அவர் கட்டியிருந்த 3 கோடிக்கு மேற்பட்ட தொகையை வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தரகர் ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

அமெரிக்காவில் இதற்கு உறவான தொழில் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே லாபம் வைத்து இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். அங்கேயும் வங்கி வீடுகளில் கைமாற்றத்துக்குப் பெரும்பாலும் தடை எழுதியிருப்பார்கள். இங்கே விற்பனைச் சான்றிதழ் ஏலம் எடுத்தவர் பெயருக்குத்தான் வரும். ஆகவே தரகருக்கு இருக்கும் ஒரே சரக்கு, வீட்டைப் பற்றிய தகவல். யார் இருக்கிறார்கள், தீர்ப்பாயத்தில் ஸ்டே உண்டா, பராமரிப்புப் பாக்கி எவ்வளவு, மின் கட்டணம் நிலுவையா என்பதையெல்லாம் அவர் சங்கச் செயலாளரிடமும் காவலாளியிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்க்கிறார். ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில் வங்கி விற்பதால் இவை எல்லாம் வாங்குபவர் தலையில்தான் விடியும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மனைவியின் நகையை அடகு வைத்து, தம்பியிடம் கைமாற்று வாங்கி, கெடு முடிவதற்குள் பணத்தைக் கட்டிவிட்டார். சான்றிதழும் வந்தது. சாவி வரவில்லை. குடியிருப்பவரை வெளியேற்ற வங்கி சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் செங்கல்பட்டு தலைமைக் குற்றவியல் நடுவரிடம் மனுப் போட்டிருக்கிறது. உத்தரவு கிடைத்தால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் போலீஸ் பாதுகாப்புடன் வருவார். உள்ளே இருக்கும் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, வீட்டைக் காலி செய்து ஒப்படைப்பார். உத்தரவு பிறப்பிக்கச் சட்டம் தரும் கெடு முப்பது நாள், காரணம் எழுதினால் மொத்தம் அறுபது நாள். நடப்பில் அது நீளுவதுண்டு. அதுவரை தரகருக்குக் கமிஷன் இல்லை. கடைக்காரருக்கு வட்டி ஓடுகிறது.

இந்தச் சங்கிலியில் வங்கிக்குக் கடன் வசூலாகிறது. கடன் போக மிச்சமிருந்தால் உரிமையாளருக்குத் திரும்பத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாங்கியவருக்குத் தாமதமானாலும் வீடு உண்டு. ஒரு குற்றமும் செய்யாமல் எல்லாவற்றையும் இழக்கப்போவது அந்தப் போக்கியக் குடும்பம் மட்டும்தான். கதவில் ஒட்டும் தாளும் நாளிதழ் விளம்பரமும் அவர்கள் குடிவருவதற்கு முன்பே வந்தவை. பழைய தாளைக் கிழித்துவிட்டு வீட்டைக் காட்டினால் புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? நோட்டீஸ் அனுப்பிய அன்றே வில்லங்கச் சான்றிதழில் ஒரு பதிவு ஏற வழி செய்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும். அரசும் வங்கிகளும் இதைச் செய்ய வேண்டும்.

அது வரும்வரை, போக்கியத்துக்கோ பெரிய முன்பணத்துக்கோ வீடு பார்க்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உரிமையாளரிடம் பத்திர எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்தப் பதிவு பெரும்பாலும் அதில் இருக்கும். இருந்தால், தவணை ஒழுங்காகப் போகிறது என்று அந்த வங்கிக் கிளை தரும் கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் தர உரிமையாளர் இழுத்தடித்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.