அடியடுக்கின் பங்கு

பங்கீடு என்பது பொருளியல் மாணாக்கருக்கும் அரசறிவியல் மாணாக்கருக்கும் உரிய விடயம் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆனால் இணையவழி விரிவுரையைக் காணும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, ஒரு பங்கீட்டின் விளைவைக் கண்முன்னே காண்கின்றனர். ஒரு செக்கனில் அனுப்பக்கூடிய பிற்றுகள் அளவானவை. தெளிவு குறைந்த படத்துக்கு அவற்றில் எவ்வளவு, தெளிவு மிகுந்த படத்துக்கு எவ்வளவு என்பதை யாரோ முன்னரே தீர்மானித்திருக்கின்றனர். கலைப்பீட மாணவனொருவன் இதுபற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகலாம். தமிழ் எழுத்தின் புள்ளியே என்னை இவ்விடயத்துக்கு இட்டுச் சென்றது.

அனுப்பும் முறையை முதலில் நோக்குவோம். விரிவுரை கேட்போர் அனைவரிடமும் ஒரே வகையான இணைப்பு இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஏற்ற காணொளியைத் தனித்தனியே அனுப்புவதாயின் விரிவுரையாளரின் இணைப்பு அச்சுமையைத் தாங்காது. இதற்கு ஒரு விடையாக எழுந்ததே அடுக்குமுறைக் குறியாக்கம். எச்.264 நியமத்தில் 2007 ஆம் ஆண்டு இது சேர்க்கப்பட்டது. உதாரணமாக, படம் முதலில் 320×180 பிக்சல் என்ற சிறிய அளவில் குறியாக்கப்படுகின்றது, இது அடியடுக்கு. அதனைப் பெருப்பித்து 640×360 அளவுப் படத்துடன் ஒப்பிட்டு, குறைபடும் நுணுக்கங்களை மாத்திரம் இரண்டாம் அடுக்காகச் சேர்ப்பர். 1280×720 அளவுக்கான மூன்றாம் அடுக்கும் அவ்வாறே இரண்டாவதன்மேல் எழுகின்றது. இடையிலுள்ள சேவையகம் வலிய இணைப்புக்கு மூன்று அடுக்கையும், நலிந்த இணைப்புக்கு அடியடுக்கை மட்டும் அனுப்பிவிடும். ஒரே அளவுப் படத்தைத் தனியே அனுப்புவதிலும் இதற்குச் சற்றுக் கூடுதலான பிற்றுகள் செலவாகும். பலரையும் சென்றடைவதற்கு அது நாம் கொடுக்கும் விலை.

பங்கீட்டின் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. ஒவ்வொரு மேலடுக்கும் கீழுள்ளதைப்போல் நான்கு மடங்கு பிக்சல்களைக் கொண்டது. ஆயினும் அதற்கு நான்கு மடங்கு பிற்றுகள் வேண்டியதில்லை. சுவர் போன்ற சமமான பரப்புகளைக் கீழடுக்கே பெரிதும் சொல்லிவிடுகின்றது. கூகிள் நிறுவனம் 2011 இல் திறந்த மூலமாக வெளியிட்ட வெப்ஆர்ரீசி மென்பொருளில், கமராக் காணொளியின் ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ளதன் பங்கில் 55 வீதத்தைப் பெறுமாறு விதி எழுதப்பட்டுள்ளது. செக்கனுக்கு 1000 கிலோபிற்று கிடைப்பதாகக் கொண்டால் மேலடுக்குக்கு ஏறத்தாழ 540, நடுவடுக்குக்கு 297, அடியடுக்குக்கு 163 எனப் பிரியும். மொத்தம் குறைந்து மேலடுக்குக்கு வேண்டிய ஆகக் குறைந்த அளவும் கிடைக்காதவிடத்து, அவ்வடுக்கு நிறுத்தப்பட்டு அதன் பங்கு கீழே வந்து சேரும். அடியடுக்கு இன்றி மேலடுக்கைப் படமாக்க இயலாது என்பதால் இதுவே முறையாகும்.

அவ்வாறாயின் அடியடுக்குக்கு அள்ளிக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் வினவலாம். 163 க்குப் பதிலாக 400 கொடுத்தோமாயின், 200 மட்டுமே தாங்கும் இணைப்பில் இருப்பவருக்கு அதுவும் ஒழுங்காகச் சென்றடையாது. நலிந்தவருக்கு உதவ எண்ணி அவரை முற்றாக வெளியே நிறுத்தியதாக அது முடியும்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் எமது முதலாம் ஆண்டு விரிவுரைகள் பல இணையவழி நடைபெற்றன. எமது வீடு வன்னியில், சமிக்ஞைக் கோபுரத்துக்குத் தொலைவான ஒரு கிராமத்தில் இருக்கின்றது. முற்றத்து வேம்பின் கீழ்தான் இணைப்பு ஓரளவு கிடைக்கும். இலக்கண விரிவுரையாளர் வெண்பலகையில் எழுதுவார். கமரா பலகையை நோக்கியிருக்கும். ஒருநாள் அவர், “தம்பி, மூன்றாம் வரியை வாசியும்” என்றார். “சேர், எழுத்துத் தெரியுது, புள்ளிதான் தெரியேல்லை” என்றேன். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. கொழும்பில் இருந்த நண்பனுக்கோ அதே பலகை அச்சிட்டாற்போலத் தெரிந்திருக்கின்றது.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மீற்றர் அகலமான பலகை படம் முழுவதையும் நிறைப்பதாகக் கொள்வோம். 320 பிக்சல் அகலப் படத்தில் ஒரு பிக்சல் பலகையின் 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பகுதியைக் குறிக்கும். 5 மில்லிமீற்றர் அளவில் இடப்பட்ட புள்ளி ஒரு பிக்சலுக்கும் சிறிதாகி மங்கிவிடும். 1280 பிக்சல் அகலத்திலோ அதே புள்ளி மூன்று பிக்சல் அகலமாக நிற்கும். கதை வாசிக்கும்போது ‘பல்’ எது, ‘பல’ எது என்பதை இடம்நோக்கி உய்த்துணரலாம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதையே பாடமாகக் கற்கும் வகுப்பில் அவ்வாறு உய்த்துணர இடமில்லை.

ஆகவே அடியடுக்குக்கு எத்தனை பிற்றுகளைக் கூட்டினாலும் அப்புள்ளி திரும்பி வராது. அதனைத் தாங்கும் பிக்சலே அங்கு இல்லை. வேறொன்றைக் குறைக்கலாம், அது அசைவு. முகத்தைக் காட்டும் காணொளிக்குச் செக்கனுக்கு 30 படங்கள் பொருத்தமாகலாம். பலகை எழுத்து அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. செக்கனுக்கு நான்கைந்து படங்களே அனுப்பி, மிஞ்சுவதைப் பெரிய அளவுப் படத்துக்கு வழங்கலாம். படங்களின் தொகையைப் பாதியாக்கினால் செலவு சரிபாதியாகாது என்பது உண்மையே. அசையாத பகுதிகளுக்கு ஏற்கனவே செலவு குறைவு. எனினும் நலிந்த இணைப்பில் அச்சிறு மிச்சமும் பெரிது. அனுப்புவது அசைவா, நுணுக்கமா, எழுத்தா என்பதைக் குறியாக்கிக்கு முன்கூட்டியே உணர்த்தும் வழி இணைய நியமங்களில் வகுக்கப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்துவது செயலிகளை ஆக்குவோரின் கையிலும், தெரிவு செய்வோரின் கையிலும் உள்ளது.

55 வீதம் என்ற எண் முகங்களைக் காட்டும் உரையாடலுக்குப் போதுமானதாக இருக்கலாம். எமது வகுப்பறைக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த எண் அறியாது. நாமே சொல்லுதல் வேண்டும். இணையவழி விரிவுரைகள் இனியும் நிகழும். அவற்றை ஒழுங்கு செய்வோர், விரிவுரை தொடங்குமுன் ஒருமுறையேனும் நலிந்த இணைப்பிலுள்ள ஒரு கைத்தொலைபேசியில் அப்பலகையைப் பார்த்தல் நன்று. பலகையை நெருங்கிக் கமராவை வைத்தலும், எழுத்தைப் பெரிதாக எழுதுதலும், புள்ளியை அழுத்தி இடுதலும் பணச் செலவற்ற காரியங்கள். பரீட்சை வினாத்தாள் எம் அனைவருக்கும் ஒரே தெளிவில்தான் அச்சிடப்படுகின்றது.