கொலுவில் ஒரு ரயில்வே கேட்

கொலு வைக்கிற வீடுகளில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று படிக் கட்சி. மற்றொன்று பார்க் கட்சி. தசாவதார செட்டும், செட்டியார் பொம்மையும், மரப்பாச்சியும் படிக் கட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. பார்க் கட்சியோ சுதந்திரக் கட்சி. படிகளுக்குக் கீழே மண் கொட்டிக் கேழ்வரகு முளைக்க விட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளம் என்று சொல்லி, அதில் பிளாஸ்டிக் வாத்தை நீந்த விடும் சிறுவர் சிறுமியரின் ராஜ்யம் அது. அங்கே யானையை விடப் பெரிய கோழி இருக்கும். கோயில் வாசலில் ஆகாய விமானம் இறங்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சென்ற ஆவணி மாதத்தில், ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் ஏன் என்று கேட்டுவிட்டார். அவர் என் மாமனார். வயது 78. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

மாமியார் காலமானதால் அதற்கு முந்திய வருஷம் எங்கள் வீட்டில் கொலு இல்லை. மாமாவும் "காபி போதும் அம்மா", "ஃபேனைக் குறை" என்பதற்கு மேல் பேச்சை வளர்ப்பதில்லை. நவராத்திரிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், ஆறாவது படிக்கும் என் பெண் தன் பிறந்த நாளுக்கு வந்த பொம்மை ரயிலைத் தரையில் ஓட்டிப் பார்த்தாள். சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "பாப்பா, ஜல்லி இல்லாமல் தண்டவாளம் எப்படி நிற்கும்?"

அவ்வளவுதான். அன்று மாலையே ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

முதலில் கணக்கு. கடையில் கிடைக்கிற இந்த மாதிரி ரயில்கள் பெரும்பாலும் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே பதினாறரை மில்லிமீட்டர். அது நாலடி எட்டரை அங்குல அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்குப் பொருத்தம். இன்றைக்கு நம் ஊரில் ஓடும் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். மாமா உத்தியோகம் பார்த்த மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். இரண்டுக்கும் அது சேரவில்லை. மாமா சற்று நேரம் யோசித்தார். "தண்டவாளத்தை மாற்ற முடியாது; ஊரை மாற்றலாம்" என்றார். ஆயிரத்தைப் பதினாறரையால் வகுத்தால் 60 சொச்சம். ஆகவே தண்டவாளம் மீட்டர் கேஜ். மற்ற எல்லாம் நிஜத்தில் 60-ல் ஒரு பங்கு. தீர்ந்தது பிரச்னை!

தீர்ந்ததாக நாங்கள்தான் நினைத்தோம். 60-ல் ஒரு பங்கு என்று சொன்ன பிறகு அந்த எண் வீட்டில் எல்லோரையும் மிரட்ட ஆரம்பித்தது. ஐந்தரை அடி மனிதர் 28 மில்லிமீட்டர். இருபது மீட்டர் பனைமரம் 33 சென்டிமீட்டர். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பனையோ ஆறு சென்டிமீட்டர். "இது பனை இல்லை பாப்பா, பனங்கன்று." இரண்டு அங்குலம் வளர்ந்த கேழ்வரகு முளை மூன்று மீட்டர் புல்லாகிவிடும், ஆடு மேய்ந்தால் ஆடு காணாமல் போகும்! ஸ்டேஷன் கட்டும் ஆசையும் போயிற்று. பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில் நிற்கிற பிளாட்பாரம் சுமார் 250 மீட்டர். கணக்குப்படி நாலு மீட்டருக்கு மேல் வருகிறது. எங்கள் ஹாலில் அதற்கு இடமில்லை. எங்கள் பலகை முழுவதுமே நிஜத்தில் நூற்றுப் பத்து மீட்டர் நீளம்தான். ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு அது தாராளம்.

அடுத்த தகராறு பெரிது. "கேட்டுக்குப் பின்னால் நம்ம ஃபிளாட் வர வேண்டும்" என்றாள் பெண். "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டும் வைக்கலாம்."

"அது திறந்தது 2023 டிசம்பரில். கடற்கரை, தாம்பரம் நடுவே 1931-ல் ஆரம்பித்த மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-ல் நின்று போயிற்று. இரண்டும் ஒரே நாளில் எப்படி இருக்கும்?" என்றார் மாமா. "முதலில் வருஷத்தைச் சொல்லு."

இந்தக் கலையில் தேர்ந்தவர்களும் இதே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு எதையும் தேடிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. புனாவில் 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் பற்றிப் படித்தேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த மாபெரும் மினியேச்சர் உலகத்தைப் பற்றியும் படித்தேன். மனத்தில் நின்றது மட்டும் ராய் இங்கிலாந்து என்பவரின் கதை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர் அவர். கிராமத்துப் பழைய கூரை வீடுகள் மாறிக் கொண்டே வருவதைக் கண்டு மனம் பொறுக்காமல், அவற்றை அளந்து 76-ல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். 1954-ல் அவர் நிறுவிய பெண்டன் மியூசியத்தில் 1920, 30-களின் கிராமமும் ரயிலும் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்துக்குப் பிந்தியது எதற்கும் அங்கே இடமில்லை.

எங்கள் வீட்டில் வருஷத்தைத் தீர்மானித்தவள் பெண்தான். "தாத்தா, பாட்டி இங்கே எப்போது வந்தாங்க?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "மனை பார்க்க வந்தது 1986" என்றார். "நான் தாம்பரத்துக்குள்ளேயே பார்க்கலாம் என்றேன். உங்க பாட்டிதான் கேட்டில் நின்று கொண்டு, இங்கேயிருந்து வண்டி தெரிகிறது, இதுவே போதும் என்றாள்."

"சரி, 1986."

"அப்படியானால் உன் ஃபிளாட் கிடையாது. அந்த இடத்தில் நெல் வயல்."

பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் எங்கே இருப்பேன்?"

"நீ மேலேயிருந்து பார்க்கிறவள். சுவாமி மாதிரி!" என்றார் மாமா. அந்தப் பதவி அவளுக்குப் பிடித்திருந்தது.

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் உபயோகப்படும் என்பதால் வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். தெர்மகோல் துண்டுகளை மேடு பள்ளமாக ஒட்டி, அதன்மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து மூன்று நாலு அடுக்குப் போர்த்திக் காய வைத்தார்கள். வெளியில் எடுத்த மண்ணையே என் மாவுச் சல்லடையில் சலித்துத் தூவினார்கள். (சல்லடை பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை.) ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் மண் கலையாமல் இறுகிவிடுகிறது. ஜல்லிக்குக் கருங்கல் தூள். அதுவும் ரவை அளவுதான் இருக்க வேண்டும். வயலுக்குப் பழைய தென்னை நார் மிதியடியைக் கத்தரித்துப் பச்சைச் சாயம் ஏற்றினோம். பனைமரத்துக்குக் கம்பியும் வர்ணக் காகிதமும்.

குளத்துக்குக் கண்ணாடி வைக்க மாமா சம்மதிக்கவில்லை. "மழைக் காலத்துக் குட்டையில் முகம் தெரியுமா?" வெறும் கண்ணாடித் தகட்டின் அடியில் சேற்று நிற அட்டை வைத்து, ஓரங்களை மண்ணால் மூடினார். அச்சு அசல் குட்டை! வண்டலூர்க் குன்றைப் பின்னட்டையில் வரைந்த பெண் அதற்குக் கரும்பச்சை பூசியிருந்தாள். தூரத்து மலை வெளிறிய நீலமாகத் தெரியும் என்று மாமா மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அவர் மாடி ஏறி எத்தனை மாதமாயிற்று என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

அசல் போலத் தோன்றச் செய்வது எது தெரியுமா? அழுக்குதான்! தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறம். சக்கரம் உருளும் மேல் பாகம் மட்டும் பளபளப்பு. கேட் கீப்பர் அறைக்கு வெள்ளை அடித்த கையோடு, சுவரின் அடிப்பாகத்தில் மழைத் தண்ணீர் மண்ணை வாரி அடித்த கறையையும் பூசினார்கள். பொம்மைப் பெட்டிகளை அட்டையில் செய்த மீட்டர் கேஜ் பெட்டிகளால் மூடினார் மாமா. வளைவில் திரும்ப வேண்டுமே என்று நீளத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொண்டார். "இது ஒன்றுதான் பொய்" என்று அதையும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார்.

நவராத்திரி வந்தது. சுண்டலும் தாம்பூலமும் வாங்க வந்த பெண்மணிகள் வழக்கம்போல் படிகளைப் பார்த்துவிட்டு, கீழே கண்ணை ஓட்டி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கேட் மூடியிருக்கிறது. குறுக்குக் கம்பத்துக்கு அடியில் ஒருவன் சைக்கிளோடு குனிந்து நுழைகிறான். இந்தப் பக்கம் கூடையோடு இருவர். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, அரக்கு நிறப் புடைவையில் 26 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் அம்மாள், வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கிறாள். அவள் யாரென்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"அட, இந்த மாதிரி கேட்டில் நான் தினமும் நின்றிருக்கிறேனே!" என்றார் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர். "ஆனால் புளியமரம் இந்தப் பக்கமாக்கும்." வேறொருவர், மரம் அங்கேதான், பெட்டிக் கடைதான் விட்டுப் போயிற்று என்றார். வீட்டுக்குப் போன ஒருவர் தம் கணவரையே கையோடு கூட்டி வந்துவிட்டார், சாட்சி சொல்ல! ஒன்பது நாளும் ஹாலில் ஒரே வாதம். வயல்கள் எங்கே முடிந்தன, கிணறு எது, இரவு கடைசி வண்டி எப்போது போகும்... எல்லோருக்கும் ஈடு கொடுத்துப் பேசினவர் மாமா. இத்தனை வருஷமாகப் பார்த்தால் தலையசைப்பதோடு நிறுத்திக் கொண்ட அண்டை வீட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு அவரோடு சண்டை போட்டார்கள்.

விஜயதசமி இரவு பொம்மைகளைப் படுக்க வைத்தோம். மறுநாள் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டோம். பலகை மட்டும் மாமாவின் கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறது. அவருடைய நோட்டில் வந்தவர்கள் சொன்ன திருத்தங்கள் பத்தொன்பது ஏறியிருக்கின்றன. புளியமரம் ஒன்று; பெட்டிக் கடை ஒன்று; கிணறு, ஏற்றத்தோடு; பனை இன்னும் எட்டு. பனைக்கு மட்டும் எப்படியும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார். சல்லடை அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.